புடவைக்கடைப் பாலனும் உள்கதிர்ச் சிகிச்சையும்

என் தம்பி பாலனுக்கு மூலம் என்று வெள்ளவத்தை முழுவதும் நம்பியிருந்தது. நம்ப வைத்தவன் அவனேதான். நான் கொழும்பில் வந்து இறங்கிய முதல் நாளே, அவன் வேலை செய்யும் புடவைக்கடை வாசலில் என்னை நிறுத்தி, கருணைக்கிழங்கை மோர் விட்டு அவித்துக் கொடுக்கச் சொன்னார் பக்கத்துப் பாத்திரக் கடைக்காரர். தம்பி வாடகைக்கு இருக்கும் வீட்டின் சொந்தக்காரி துத்தி இலையை நெய்யில் வதக்கச் சொன்னார். கோயிலில் முன்பின் தெரியாத ஒருவர், இளஞ்சூட்டுத் தண்ணீரில் தினமும் உட்கார வேண்டும் என்று சொல்லி, எப்படி உட்கார்வது என்பதையும் கொடிமரத்துக்குப் பக்கத்தில் செய்து காட்டினார். எல்லோருக்கும் நன்றி சொன்னேன். நோர்வேயில் இத்தனை வருடம் இருந்தும் என்னை யாரும் இவ்வளவு அக்கறையாக எதையும் விசாரித்ததில்லை.

பாலனுக்கு வந்திருந்தது மலக்குடலில் புற்றுநோய். வெள்ளவத்தையில் அது அவனுக்கும் எனக்கும் மட்டும் தெரியும்.

நான் பேர்கன் நகரத்தில் பஸ் ஓட்டுகிறேன். வருடத்தின் பெரும்பகுதி மழை பெய்யும் ஊர். இருவர் இருக்கும் ஆசனத்தில் ஒருவர்தான் இருப்பார். இடம் நிறைய இருக்கும்போது பக்கத்தில் போய் உட்கார்ந்தால் எழும்பி அடுத்த தரிப்பில் இறங்கிவிடுவார். எனக்கு அது பழகிவிட்டது.

பாலன் என்னைவிட நான்கு வயது இளையவன். கல்யாணம் செய்யவில்லை. ஆனால் மற்றவர்களுடைய கல்யாணத்துக்கு ஓய்வில்லாமல் உழைக்கிறவன். காலி வீதியில் இருக்கும் அந்தக் கடையில் கூறைச்சேலைப் பகுதி அவனுடையது. வெள்ளை விரிப்புப் போட்ட மெத்தையில் சம்மணமிட்டு இருந்து, மணிக்கட்டை ஒரு சுழற்றுச் சுழற்றினால் முழுச் சேலையும் பெண் வீட்டாரின் மடிவரை ஓடிப் போய் நிற்கும். பெண்ணின் நிறத்தைப் பார்க்க மாட்டான். பெண்ணின் தாயின் முகத்தைப் பார்த்துத்தான் அடுத்த சேலையை எடுப்பான்.

அவனுடைய கட்டி மிகவும் கீழே, மலவாசலுக்குக் கிட்ட இருந்தது. அந்த இடத்தில் இருந்தால் வழக்கமாக எல்லாவற்றையும் வெட்டி எடுத்துவிட்டு, வயிற்றில் ஒரு துவாரம் போட்டு, மலம் சேர நிரந்தரமாகப் பை வைப்பார்கள். புற்றுநோய் வைத்தியர் வேறு வழி ஒன்று சொன்னார். முதலில் கதிர்வீச்சை மலக்குடலுக்குள்ளேயே கொண்டுபோய் வைப்பது. சில கிழமை காத்திருப்பது. கட்டி நன்றாகச் சுருங்கினால், அடக்கிவைக்கும் தசையை விட்டுவிட்டு வெட்டி, குடலைத் திரும்பப் பொருத்தப் பார்க்கலாம். சுருங்காவிட்டால் பைதான்.

"அக்கா, பையைக் கட்டிக்கொண்டு பொம்பிளைப்பிள்ளையளுக்கு முன்னால இருந்து கூறை விரிக்கேலாது," என்றான் பாலன் தொலைபேசியில். "பை எண்டால் எனக்கு ஒப்பரேசனே வேண்டாம்."

"ஒப்பரேசன் செய்யாட்டி?"

"செய்யாட்டி செய்யேல்ல. அவ்வளவுதான்."

நான் மேலாளரிடம் போய் நீண்ட விடுமுறை கேட்டேன். ஏன் என்றார். தம்பிக்கு இன்ன இடத்தில் இன்னது என்றேன். அவர் தன் கோப்பியைப் பார்த்துக்கொண்டு மூன்று மாதம் போதுமா என்று கேட்டார்.

*

தங்கியது கொட்டாஞ்சேனையில், என் கணவரின் ஒன்றுவிட்ட தங்கை ஜசிந்தா வீட்டில். பாலனின் இடம் ஒற்றை அறை. அதில் அவனே குறுக்காகத்தான் படுப்பான்.

முதல் நாள் காலை வெள்ளவத்தைக்குப் போக பஸ் தரிப்பில் நின்றேன். பஸ் முழுதாக நிற்கட்டும் என்று காத்திருந்தேன். அது நிற்கவில்லை. அடுத்ததும் நிற்கவில்லை. அதற்கு அடுத்த பஸ்ஸின் நடத்துனர் என் கையைப் பிடித்து உள்ளே இழுத்தார். ஒரு கால் வெளியே இருக்கும்போதே சாரதியைப் பார்த்து "ஹரி, யமு" என்றார். சரி, போவோம் என்று பொருள். என் மற்றக் காலைப் பற்றி இருவரும் கதைக்கவில்லை.

சாரதியைத் தொழில்முறையில் கவனித்தேன். கண்ணாடிக்கு மேலே புத்தர், பிள்ளையார், அந்தோனியார் மூவரும் ஒரே மாலைக்குள் இருந்தார்கள். பேர்கனில் எங்களுக்கு மேலே கமராதான் இருக்கும். அவர் ஒரு முறை திரும்பி, பின்னால் இருந்த நடத்துனரோடு நெடுநேரம் ஏதோ குடும்ப விஷயம் கதைத்தார். அந்த நேரமெல்லாம் பஸ்ஸை யார் ஓட்டினார்கள் என்பதை அந்த மூவரிடம்தான் கேட்க வேண்டும்.

வைத்தியர் பொரளைப் பக்கத்தில் ஒரு தனியார் வைத்தியசாலையில் இருந்தார். சிங்களவர், மெல்லிய குரல். ஆங்கிலத்தில் அவர் சொன்னதைத் தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: "பெருவிரலைவிடச் சற்றுத் தடித்த, வளையக்கூடிய ஒரு குழாயை உள்ளே வைப்போம். அதன் சுவரில் மெல்லிய துளைகள் ஓடும். ஒரு கம்பியின் நுனியில் அரிசிமணி அளவு கதிர்ப்பொருள் இருக்கும். இயந்திரம் அந்தக் கம்பியைத் துளைகளுக்குள் அனுப்பி, கட்டி இருக்கும் பக்கத்தில் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்தி எடுக்கும். சில நிமிடங்கள்தான். இப்படி நாலு தரம், ஒரு நாளைக்கு ஒன்று."

"அந்த அரிசி திரும்பி வருமா?" என்று கேட்டான் பாலன்.

"நிச்சயமாக வரும்."

"பை?"

"அதை இப்போது சொல்ல முடியாது. ஆறேழு கிழமை கழித்து உள்ளே பார்த்துவிட்டுச் சொல்கிறேன்."

வெளியே வந்ததும் பாலன் சொன்னான். "நல்ல வியாபாரி. வாக்குக் குடுக்கேல்ல பாத்தீங்களோ? நானும் சாயம் போகாது எண்டு ஒருநாளும் சொல்லமாட்டன்."

*

சிகிச்சை நாளில் குடல் வெறுமையாக இருக்க வேண்டும். அதற்கான எனிமாவை அவன் விடியவே வைத்துக்கொண்டு ஓட்டோவில் ஏறினான். நான் ஒரு தலையணை கொண்டுபோயிருந்தேன். அதை மடியில் வைத்துக்கொண்டான். உட்காரத்தான் கொண்டுவந்தேன் என்று சொன்னதற்கு, ஓட்டோக்காரன் என்ன நினைப்பான் என்றான். ஓட்டோக்காரர் திரும்பிப் பார்த்து, தானே தமிழில், "மூலமா அய்யே?" என்றார். அய்யே என்றால் சிங்களத்தில் அண்ணன்.

குழாயை வைத்தியர் வைத்தார். அதை இயந்திரத்தோடு பொருத்த முகமூடி போட்ட ஒரு கதிர்ச்சிகிச்சையாளர் வந்தாள். அந்த நேரம் பாலன் இடதுபக்கம் சரிந்து, முழங்காலை மடக்கி, சுவரைப் பார்த்துக் கிடந்தான். பின்னால் ஒரு குரல் கேட்டது என்று பிறகு எனக்குச் சொன்னான்.

"பாலன் அண்ணாதானே? என்னைத் தெரியேல்லயா? நிலானி. போன ஆவணியில உங்களிட்டத்தான் கூறை எடுத்தனான்."

அவன் திரும்பவில்லை. திரும்பக்கூடிய நிலையிலும் இல்லை.

"மாம்பழ மஞ்சள். அரக்குக் கரை," என்றான் சுவருக்கு.

"ஓம் அண்ணா, அதுதான்!"

எல்லோரும் வெளியே வந்து கனமான கதவை மூடினார்கள். நிலானி என்னைக் கண்ணாடி அறைக்குள் கூப்பிட்டு, உட்கார ஒரு கதிரையைக் காட்டினாள். திரையில் பாலன் தெரிந்தான். இயந்திரம் வேலை செய்யத் தொடங்கியபோது ஒரு சத்தமும் இல்லை. எண்கள் மட்டும் மாறின. பாலனின் கால்விரல்கள் போர்வைக்கு வெளியே மெல்ல அசைந்துகொண்டிருந்தன. சின்ன வயதில் ஊசி போடும்போதும் அவன் அழமாட்டான், விரல்களைத்தான் அசைப்பான். நான் திரையில் மற்றப் பக்கத்தைப் பார்த்தேன்.

நிலானி ஒலிவாங்கியை அழுத்தினாள். "அண்ணா, பயமில்லையே?"

"நீங்கள் எல்லாரும் வெளிய ஓடிப்போய் நிண்டுகொண்டு என்னைப் பயமோ எண்டு கேக்கிறியள்," என்றது பாலனின் குரல்.

ஆனால் திரும்பி வரும்போது ஓட்டோவில் அவன் தலையணை உறையின் ஓரத்தை மடித்து மடித்து விரித்துக்கொண்டிருந்தான். பம்பலப்பிட்டி தாண்டியதும் சொன்னான். "அந்தப் பிள்ளையின்ர தாய், பெரியம்மா, மாமி எல்லாரும் வெள்ளவத்தைதான். எல்லாருக்கும் நான்தான் சாறி எடுத்துக் குடுக்கிறனான்."

"அவள் ஒருத்தருக்கும் சொல்லமாட்டாள். அவளின்ர வேலை அது."

"அவளுக்குத் தெரியுமே, அக்கா."

பசித்தது. அவனுக்கு நார், காரம், பருப்பு எல்லாம் விலக்கு. வெள்ளைப் பாணும் அவித்த முட்டையும் கஞ்சியும்தான். எனக்கும் அதுவே போதும் என்றேன். அவன் கேட்கவில்லை. காலி வீதியில் ஒரு சாப்பாட்டுக் கடையில் என்னை உட்கார வைத்து, எனக்குக் கொத்துரொட்டி சொல்லி, தனக்கு வெறும் தேநீர் சொன்னான்.

"எப்பிடி இருக்கு?"

"நல்லா இருக்கு."

"அப்பிடிச் சொல்லாதேங்கோ. விளக்கமாச் சொல்லுங்கோ."

ரொட்டி ஓரத்தில் கருகியிருக்கிறது, இறைச்சி மிருதுவாக இருக்கிறது, கறிவேப்பிலை அதிகம் என்று வாய்க்கு வாய் சொல்லிக்கொண்டு சாப்பிட்டேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தான். கடைசியில், "உப்புக் குறைவு," என்றான். உண்மையிலேயே குறைவுதான்.

கொட்டாஞ்சேனைக்குப் போனால் ஜசிந்தா எனக்குத் தனித்தட்டு எடுத்து வைத்திருந்தாள். அவளுடைய மகள் நிறைமாதம். ஜசிந்தாவுக்கு மட்டும் உண்மையைச் சொல்லியிருந்தேன். அதில் கதிர் என்ற சொல்லை அவள் பிடித்துக்கொண்டுவிட்டாள்.

"கோவிக்காதேங்கோ மச்சாள். தம்பியின்ர கையைப் பிடிச்சிருப்பியள். பிள்ளைத்தாச்சி இருக்கிற வீடு."

"கம்பி உள்ளுக்குப் போய் வெளிய வந்திட்டுது. அவனிட்ட ஒண்டும் மிச்சமில்ல. என்னட்ட எப்பிடி வரும்?"

"அது சரி. ஆனாலும் பிளேட்டை நீங்களே கழுவுங்கோ."

இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அவள் அந்தோனியாருக்குப் பாலன் பெயரில் மெழுகுதிரி கொளுத்தினாள். அதற்குக் கதிர் தடையாக இருக்கவில்லை.

*

மறுநாள் வெள்ளவத்தைக்குப் போனபோது பாலன் அறையில் இல்லை. வீட்டுச் சொந்தக்காரி மகிழ்ச்சியாக இருந்தார். "தம்பி வேலைக்குப் போயிட்டார். மூலம் சுகமாம். துத்தி இலை வேலை செய்திருக்கு."

கடையில் மெத்தையில் இருந்தான். முன்னால் ஒரு பெண் வீட்டார். என்னைக் கண்டும் காணாதவன் போல ஒரு சிவப்புச் சேலையைச் சுழற்றினான். அவர்கள் போகும்வரை நின்றேன்.

"ஆனி மாசம், அக்கா. முகூர்த்தத்துக்கு மேல முகூர்த்தம். முதலாளி லீவு தரமாட்டார்."

முதலாளி காசாளர் மேசையில் இருந்து, தான் ஒன்றும் சொல்லவில்லையே என்பது போலப் பார்த்தார்.

"பாலன், வெளிய வா."

"வரமாட்டன்."

அவனுடைய குரலில் இருந்தது பிடிவாதம் இல்லை. ஐம்பத்தாறு வயது மனிதன், நேற்று முழங்காலை மடக்கிக் கிடந்தபோது தன் வாடிக்கையாளர் ஒருத்தி பின்னால் நின்றாள் என்பதை நினைத்து நினைத்து உள்ளுக்குள் சுருங்கிப் போயிருந்தான். அவனுக்கு நோவைத் தாங்கத் தெரியும். இதைத் தாங்கத் தெரியவில்லை. இனி எந்தக் கூறையை விரித்தாலும் அந்தப் பெண் எங்கேயோ இருந்து பார்ப்பாள் என்று அவனுக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

கடைக்கு வெளியே நின்று வைத்தியசாலைக்குத் தொலைபேசி எடுத்தேன். நிலானிதான் கதைத்தாள். விஷயத்தைச் சொன்னேன். "ஒரு நாள் தள்ளினால் சமாளிக்கலாம், அன்ரி. ரெண்டு நாளெண்டால் டொக்டருக்கு நான்தான் பதில் சொல்லோணும். எத்தினை மணிக்குக் கடை பூட்டுவினம்?" என்றாள்.

பின்னேரம் வந்தாள். முகமூடி இல்லாமல், தலையில் பூவோடு, அலுவலகம் விட்டு வரும் எந்தப் பெண்ணையும் போல இருந்தாள். நேரே வந்து மெத்தைக்கு முன்னால் உட்கார்ந்தாள். பாலனின் கையில் இருந்த சேலை பாதியில் நின்றது.

"அண்ணா, மச்சாளுக்குக் கலியாணம். கூறை காட்டுங்கோ."

வாடிக்கையாளர் கேட்டுவிட்டால் காட்டாமல் இருக்க அவனுக்குத் தெரியாது. எடுத்தான். முதல் நாலைந்து சேலைகளை அவளுடைய முகத்தைப் பார்க்காமல் விரித்தான். அவள் ஒவ்வொன்றுக்கும் ஒரு குறை சொன்னாள். இது கடும் நிறம். இதில் சரிகை கூட. இதன் முந்தானையில் இருக்கும் மயில் கோழி மாதிரி இருக்கிறது. மெத்தையில் சேலைகள் குவிந்தன. மயிலைக் கோழி என்றதும் அவன் நிமிர்ந்தான்.

"எங்க கோழி? கொண்டையைப் பாருங்கோ. கோழிக்கு இப்பிடி வாலிருக்குமோ?"

"எனக்குக் கோழியாத்தான் தெரியுது."

"பிள்ளை, நான் எத்தினை வருசமா இந்த மெத்தையில இருக்கிறன் தெரியுமோ?"

இருவரும் முகத்துக்கு முகம் பார்த்துச் சண்டை பிடித்தார்கள். நான் ஒரு மூலையில் இருந்து சோடா குடித்தேன். கடையில் மற்றவர்கள் தங்கள் வேலையில் இருந்தார்கள். அப்போது நிலானி முன்னால் சாய்ந்து குரலைத் தாழ்த்தினாள்.

"அண்ணா, உங்களுக்கு ஒண்டு சொல்லுறன். என்ர மனுசனுக்கும் தெரியாது. கலியாணத்தண்டு எனக்குப் பயத்தில வயித்தால போனது. நீங்க தந்த கூறையோட மணவறையில இருந்து எழும்பி ஓடினனான். ஐயர் மந்திரத்தை நிப்பாட்டிப்போட்டுப் பாத்துக்கொண்டு இருந்தவர். அம்மா எல்லாருக்கும் நான் காத்துப் பிடிக்கப் போனதெண்டு சொன்னவ."

பாலன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"கூறைக்கு ஒண்டும் ஆகேல்லயே?" என்றான் கடைசியில்.

"இல்ல."

"நல்ல பட்டு. கவனமா வச்சிருங்கோ."

"ஓம். இப்ப ரெண்டு பேருக்கும் ரெண்டு பேரைப் பற்றித் தெரியும்." எழுந்து செருப்பைப் போட்டாள். "சாறி ஒண்டும் பிடிக்கேல்ல. நாளைக்குக் காலமை நேரத்துக்கு வாங்கோ, அண்ணா."

குவிந்து கிடந்த சேலைகளை எல்லாம் அவன் ஒவ்வொன்றாக மடிக்க வேண்டியிருந்தது. மடிக்க நானும் உதவினேன். நான் மடித்ததை அவன் திரும்ப மடித்தான்.

"உண்மையிலேயே மச்சாளுக்குக் கலியாணமோ?" என்று கேட்டேன்.

"அவள் தனிப்பிள்ளையைக் கட்டினவள், அக்கா. மச்சாள் இல்ல."

மறுநாள் நான் போவதற்கு முன்பே தலையணையோடு வாசலில் நின்றான்.

*

மீதி மூன்றும் நடந்தன. கடைசித் தரம், இயந்திரம் வேலை செய்துகொண்டிருக்கும்போது மின்சாரம் போய்விட்டது. கண்ணாடி அறை இருண்டது. அந்த அரிசிமணி பாலனுக்குள்ளேயே நின்றுவிட்டது என்று நினைத்தேன். நிலானி என் தோளில் கையை வைத்தாள். "மிசினுக்குத் தனி பற்றரி இருக்கு, அன்ரி. கரண்ட் போனவுடன கம்பியைத் தானே உள்ளுக்கு இழுத்திடும். இழுத்திட்டுது, பாருங்கோ." ஒரு சின்னப் பச்சை விளக்கைக் காட்டினாள். ஜெனரேற்றர் உறுமி எழுந்தது. திரை வந்தது. விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள்.

வெளியே வந்ததும், பயந்தாயா என்று பாலனைக் கேட்டேன்.

"எதுக்கு?"

"கரண்ட் போனது."

"கரண்ட் போனதோ? நான் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தனான்." சிறிது தூரம் நடந்தபின், "நல்ல காலம் சொல்லேல்ல," என்றான்.

அதன் பிறகு வந்த கிழமைகள்தான் மோசம். கதிர் பட்ட இடம் உள்ளே புண்ணாகி, அவனுக்கு அவசரம் அவசரமாகப் போக வேண்டி வந்தது. சில நாள் இரத்தமும் போனது. இது வரும், போகும் என்று வைத்தியர் முன்பே சொல்லியிருந்தார். வந்தது. போக நாளெடுத்தது. நானும் அவனும் காலி வீதியைக் கழிவறை கழிவறையாகப் படித்தோம். எந்த வங்கியில் காவலாளி விடுவார், எந்தச் சைவக்கடையில் கழிவறைத் திறப்பு மேசையில் இருக்கும், எந்த நகைக்கடையில் ஒரு சோடித் தோட்டைப் பார்ப்பது போல நடித்தால் உள்ளே போகலாம் என்பதெல்லாம் தெரிந்துவிட்டது. நடிப்பது என் வேலை. ஒருநாள் அவன் வர நேரமாகியதால் ஒரு தோட்டைக் காதிலும் போட்டுப் பார்த்தேன். எனக்கு எடுப்பாக இருந்தது.

ஒருநாள் மட்டும் தப்ப முடியவில்லை. ஏதோ பெரிய பதவிக்காரர் போவதற்காகப் பொலிஸார் வீதியை மறித்தார்கள். எங்கள் ஓட்டோ நடுவில் மாட்டிக்கொண்டது. பாலன் என் மணிக்கட்டைப் பிடித்தான். பிடியிலேயே விளங்கிவிட்டது. நான் இறங்கிப் போய் எனக்குத் தெரிந்த சிங்களத்தில் பொலிஸ்காரரிடம் சொன்னேன். அவர் கேட்கவில்லை. ஓட்டோக்காரர் இறங்கி, "மஹத்தயோ, மேயாட்ட படே அமாருய்!" என்று வீதி முழுவதும் கேட்கக் கத்தினார். ஐயா, இவருக்கு வயிறு சரியில்லை என்று பொருள். ஒரு தனியார் பஸ் பின்னால் போய் இடம் விட்டது. ஒரு கார் நடைபாதையில் ஏறியது. பொலிஸ்காரரே மறிப்பைத் தூக்கினார். ஆனாலும் நேரம் பிந்திவிட்டது.

அறைக்கு வந்து அவன் குளித்துவிட்டு, சாரத்தோடு கட்டில் விளிம்பில் இருந்தான். நான் அவனுடைய காற்சட்டையைத் தோய்த்துக் கொடியில் போட்டேன். அழுவான் என்று நினைத்தேன். அவன் சொன்னான்: "அக்கா, பை எண்டால் இது நடந்திராது என்ன?"

நான் கொடியில் மாட்டக் கவ்விகளைத் தேடினேன்.

*

ஆடி முடியும்போது வைத்தியர் உள்ளே கமரா விட்டுப் பார்த்தார். கட்டி இருந்த இடத்தில் ஒரு சிறிய வெண்மையான தழும்பும் கொஞ்சம் மிச்சமும் இருந்தன. சத்திரசிகிச்சை வைத்தியரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொன்னார்: "தசையைக் காப்பாற்றலாம். குடலைப் பொருத்தலாம். ஆனால் பொருத்திய இடம் ஆறும்வரைக்கும் தற்காலிகமாக ஒரு பை வேண்டும். சில மாதங்கள். பிறகு எடுத்துவிடுவோம்."

பை என்ற சொல் வந்ததும் நான் பாலனைப் பார்த்தேன். எழுந்து போவான் என்று காலைத் தயாராக வைத்திருந்தேன். அவன் விரல் மடித்து ஏதோ கணக்குப் பார்த்தான்.

"புரட்டாதியில கலியாணம் இல்ல. மார்கழியிலயும் இல்ல," என்றான் என்னிடம். "தைக்கு முதல் எடுத்திடுவினமோ எண்டு கேளுங்கோ."

தை என்றால் என்ன என்று வைத்தியருக்கு விளங்கப்படுத்தினேன். எடுக்கலாம் என்றார்.

"வாக்குத் தாறாரோ?"

"முயற்சி செய்கிறேன் என்கிறார்."

"அப்ப சரி."

சத்திரசிகிச்சை நாள் முழுவதும் நான் ஒரு பிளாஸ்ரிக் கதிரையில் இருந்தேன். பஸ் ஓட்டுகிறவளுக்குக் கையில் ஒன்றும் பிடிக்காமல் இருந்து பழக்கமில்லை. தலையணையை மடியில் வைத்து அதன் இரண்டு ஓரங்களையும் பிடித்துக்கொண்டிருந்தேன். நிலானி தன் இடைவேளையில் வந்து பால் விடாத பிளேன்ரீ தந்துவிட்டு, பக்கத்தில் இருந்தாள். முன்னால் இருந்த ஒரு சிங்கள அம்மா என்னைப் பார்த்து, யாருக்கு என்று கேட்டார். தம்பிக்கு என்றேன். தன் பையில் இருந்து ஒரு மாரி பிஸ்கட் எடுத்து, பாதியை எனக்கு உடைத்துத் தந்தார். சத்திரசிகிச்சை வைத்தியர் வெளியே வந்து தொப்பியைக் கழற்றியபோது அந்தப் பாதி இன்னும் என் கையில் இருந்தது.

பொருத்திவிட்டார்கள். பிறகு வந்த பரிசோதனையில் வெட்டிய ஓரங்கள் சுத்தமாக இருந்தன. பக்கத்துச் சுரப்பிகளில் ஒன்றும் இல்லை. அதைக் கேட்ட அன்று கொட்டாஞ்சேனைக்குப் போய், நடு விறாந்தையில் உட்கார்ந்து, ஜசிந்தாவின் பிறந்து சில கிழமையான பேரனை மடியில் வாங்கினேன். ஜசிந்தா ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் தந்தாள்.

கடை முதலாளி பாலனைப் பார்க்க வந்து, மூலத்துக்கு இவ்வளவு பெரிய வெட்டா என்று கேட்டார். "உள்மூலம்," என்றான் பாலன். முதலாளி தலையை ஆட்டி, தன் மாமனாருக்கும் அதுதான் என்றார்.

*

புரட்டாதியில் நான் திரும்பினேன். பேர்கனில் மழை. முதல் நாள் பஸ்ஸை முழுதாக நிறுத்தி, கதவைத் திறந்து, ஒரு கிழவர் இரண்டு காலையும் வைத்து ஏறி முடியும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் இரட்டை ஆசனத்தில் தனியே போய் உட்கார்ந்தார்.

கார்த்திகையில் பாலன் வேலைக்குப் போகத் தொடங்கினான். முழுநாள் இல்லை. சட்டைக்குள் பையோடு, சம்மணம் போடாமல் ஒரு சின்ன முக்காலியில். ஒருநாள் கடைசித் தரிப்பில் பஸ்ஸை நிறுத்திவிட்டு, பயணிகளை ஏற்ற இன்னும் நேரம் இருந்ததால் அவனுக்கு வீடியோ அழைப்பு எடுத்தேன். முக்காலியைக் காட்டினான். புதிதாக வந்த சேலைகளைக் காட்டினான். அப்போது ஆட்கள் வர, தொலைபேசியை ஒரு சேலை அடுக்கில் சாய்த்து வைத்துவிட்டுத் திரும்பினான். அணைக்க மறந்துவிட்டான். நானும் அணைக்கவில்லை.

ஒரு பெண், அவளுடைய தாய், இன்னும் இரண்டு பேர். பாலன் ஒன்று விரித்தான். தாய் உதட்டைப் பிதுக்கினார். இன்னொன்று. அதற்கும் அதே. பாலன் தாயின் முகத்தை ஒரு கணம் பார்த்துவிட்டு, பின்னால் இருந்து ஒரு குங்குமச் சிவப்பை உருவி, மணிக்கட்டைச் சுழற்றினான். சேலை ஓடிப்போய் அவர்களுடைய மடியில் விழுந்த அதே நேரம், அவனுடைய சட்டைக்குள், பைப் பக்கமிருந்து நீளமாக ஒரு சத்தம் வந்தது. பேர்கனில் எனக்குக் கேட்டது என்றால் வெள்ளவத்தையில் கேட்காமல் இருந்திருக்காது.

கடையில் ஒருவரும் அசையவில்லை. தாய் மெல்ல நிமிர்ந்தார். நான் சாரதி ஆசனத்தில் தொலைபேசியைக் கிட்டப் பிடித்தேன். பாலனின் முகத்தில் ஒரு கோடும் மாறவில்லை. முந்தானையைக் கையால் நீவி ஒழுங்குபடுத்தினான்.

"அசல் பட்டு, அம்மா," என்றான். "விரிக்கேக்க சத்தம் போடும்."

தாய் சேலையின் ஓரத்தை இரண்டு விரலுக்கிடையில் வைத்துத் தேய்த்துப் பார்த்தார். பிறகு மகளின் பக்கம் திரும்பினார்.

"ஓம், அதுதானே. முதல் காட்டினதுகள் ஒண்டும் சத்தம் போடேல்ல. இதையே எடுப்பம்."